விசுவாசம் கிரியையாவது எப்படி: கடனில் தொடங்கித் தானத்துக்குச் செல்லும் வழி

புதிய ஏற்பாட்டில் யாக்கோபு தம் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியைத் தீட்டுகிறார். உடுக்கத் துணியும் அன்றன்றைக்கு உணவும் இல்லாத ஒரு சகோதரனையோ சகோதரியையோ பார்த்து, சமாதானத்தோடே போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்லி ஒருவர் வழியனுப்பி வைக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தோடு பேசினார் என்று யாக்கோபு எங்கும் சொல்லவில்லை. அவர் வாயிலிருந்து வந்தது ஆசீர்வாதம்தான். அதை அவர் மனதாரச் சொல்லியிருக்கவும் கூடும். ஆனாலும் குளிரில் நின்றவருக்குப் போர்வை கிடைக்கவில்லை.

நம்மில் பலருடைய நிலையும் ஏறக்குறைய இதுவே. ஏழைகளை நேசிக்க வேண்டும், பகையை விட வேண்டும், நேர்மையாக நடக்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எடுக்கும் தீர்மானங்கள் அந்த நேரத்தில் உண்மையானவையாகவே இருக்கின்றன. செவ்வாய்க்கிழமைக்குள் அவை கரைந்துபோவதற்குக் காரணம் நம் மனம் பொய் சொன்னது என்பதைவிட, அந்தத் தீர்மானங்களில் எந்த மனிதருடைய பெயரும், எந்த நாளும், செய்யவேண்டிய காரியம் இன்னதென்ற தெளிவும் இல்லாமற்போனதே. பெயரும் நாளும் காரியமும் சேர்ந்தால் தீர்மானத்துக்குக் கால் முளைக்கிறது. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு வேலையைப் பற்றியதுதான்.

கிரியைகளால் இரட்சிப்பைச் சம்பாதிக்க முடியுமா என்ற பழைய விவாதத்துக்குள் நான் இங்கே நுழையப்போவதில்லை. கிருபை முந்தியது, கிரியை அதற்குப் பதிலாக எழுவது என்பதை ஏற்றுக்கொண்டே எழுதுகிறேன். என் அழுத்தம் வேறொன்றில் இருக்கிறது. கிறிஸ்தவச் செயல் என்றவுடனே நம் மனம் தானத்துக்குத் தாவுகிறது: யாருக்காவது உணவு கொடுப்பது, எங்காவது நிதி அனுப்புவது, ஏதாவது ஊழியத்தில் சேர்வது. அவை நல்லவை. ஆனால் கொடுக்கவேண்டியதைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டு கொடுக்கவேண்டாததைக் கொடுப்பவன், வேதாகமத்தின் கண்ணில் இன்னும் கடனாளிதான். ஆகவே கடனிலிருந்து தொடங்குவோம்.

முதல் பக்கத்தில் எழுதவேண்டியவை

ஒரு சிறிய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, யாரும் இடைமறிக்காத அரைமணி நேரம் உட்காருங்கள். ஜெபித்துவிட்டு, நீங்கள் பிறருக்குப் பட்டிருக்கும் கடன்களை ஒவ்வொன்றாக எழுதுங்கள். வாங்கித் திருப்பித் தராத பணமும் பொருளும் முதலில் நினைவுக்கு வரும். அவற்றுக்குப் பின்னால் மெதுவாக மற்றவை வரும்: செய்கிறேன் என்று சொல்லிச் செய்யாமல் விட்டது, உங்களிடம் வேலை செய்தவருக்குக் குறைத்துக் கொடுத்தது, வேறொருவருடைய உழைப்புக்கு நீங்கள் வாங்கிக்கொண்ட பாராட்டு, ஒருவரைப் பற்றி உறுதி செய்யாமல் பரப்பிய செய்தி, இறந்துபோன உறவைப் போல நடுவில் கிடக்கும் ஒரு பழைய சண்டை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயரை எழுதுங்கள். "பலரைப் புண்படுத்தியிருக்கிறேன்" என்று எழுதுவதால் பயனில்லை; பலரிடம் யாரும் போய் மன்னிப்புக் கேட்க முடியாது.

மலைப்பிரசங்கத்தில் இயேசு சொன்ன ஒரு காரியத்தை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ள வேண்டும். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டென்று அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பலிபீடத்துக்கு முன்னே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்த வேண்டும் என்கிறது மத்தேயு ஐந்தாம் அதிகாரம். இதைக் கேட்டவர்களில் பலர் கலிலேயாக்காரர்கள். பலிபீடமோ எருசலேமில் இருந்தது; இடையில் 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரம், பல நாள் நடை. அந்தக் கலிலேயனுடைய சகோதரன் ஊரிலேயே இருந்தால், காணிக்கையை அப்படியே விட்டுவிட்டு அத்தனை தூரமும் திரும்பி நடந்து, மறுபடியும் அத்தனை தூரம் வரவேண்டும். ஆராதனையை இவ்வளவு அசௌகரியமாக நிறுத்திவைக்கச் சொல்லும் அளவுக்கு ஒப்புரவு அவசரமானது என்பதை அந்தக் கேட்போர் நம்மைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருப்பார்கள்.

பொருள் கடனைத் தீர்க்கும்போது எவ்வளவு தீர்ப்பது? லேவியராகமம் ஆறாம் அதிகாரம் ஒரு அளவைத் தருகிறது: வஞ்சித்து எடுத்துக்கொண்டதை முழுவதும் திருப்பிக் கொடுத்து, அதோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டிக் கொடுக்க வேண்டும், குற்றநிவாரண பலியைச் செலுத்தும் நாளிலேயே அதை உரியவரிடம் கொடுத்துவிட வேண்டும். எரிகோவில் வரி வசூலிக்கும் ஆயக்காரருக்குத் தலைவனாயிருந்த சகேயு அதையும் தாண்டி, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். அது ஆட்டைத் திருடி அடித்தவனுக்கோ விற்றவனுக்கோ யாத்திராகமம் விதித்த அளவு. அவன் வாக்கில் ஏழைகளுக்குப் பாதி ஆஸ்தி என்ற தானம்தான் முதலில் வருகிறது, கடன் இரண்டாவதாக வருகிறது என்று யாராவது எனக்கு எதிராகச் சுட்டிக்காட்டலாம். உண்மைதான். ஆனால் அவன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான் என்பதையும், ஒன்றைக் காட்டி மற்றொன்றிலிருந்து தப்பிக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். இக்காலத்துக்கு இதைப் பொருத்தினால், தாமதமாகத் திருப்பும் பணத்தோடு அந்தத் தாமதத்தால் அவருக்கு ஏற்பட்ட இழப்பையும் கணக்கிட்டுச் சேர்த்துக் கொடுப்பது என்று பொருள்படும். பணத்தைப் பெறவேண்டியவர் உயிரோடு இல்லையென்றால் அவருடைய குடும்பத்தாருக்குக் கொடுங்கள். அவர்களும் இல்லையென்றால் மட்டுமே அந்தத் தொகை ஏழைகளுக்குப் போகலாம்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. நான் முதன்முதலில் இப்படிப் பட்டியல் போட்டு ஒருவருக்கு எழுதிய மன்னிப்புக் கடிதம் மூன்று பக்கம் நீண்டது; அதில் இரண்டரைப் பக்கம், நான் ஏன் அப்படிச் செய்ய நேர்ந்தது என்ற விளக்கம். அதைப் படித்த என் மனைவி, இதில் மன்னிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். அதன் பிறகு நான் கற்றுக்கொண்டது இது: செய்த தவறை அதன் பெயராலேயே சொல்ல வேண்டும், "உங்கள் மனம் புண்பட்டிருந்தால்" என்ற "இருந்தால்" கூடாது, காரணம் சொல்லக்கூடாது, எதை எப்படிச் சரிசெய்யலாம் என்று கேட்க வேண்டும், உடனே மன்னித்துவிட வேண்டும் என்று எதிர்பார்த்து நிற்கக்கூடாது. நான்கு வாக்கியங்கள் போதும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. சில நேரங்களில் நம் வருகையே அந்த மனிதரின் ஆறிவரும் காயத்தைக் கிளறக்கூடும். சில அறிக்கைகள் நம் மனப்பாரத்தை இறக்கி மற்றவர் தலையில் ஏற்றுவதாகவே முடியும். அப்படித் தோன்றினால் முதிர்ந்த விசுவாசி ஒருவரிடமோ போதகரிடமோ கலந்துபேசிவிட்டே அடி எடுத்து வையுங்கள்.

நீங்களே பாதிக்கப்பட்டவராக இருந்தால் மத்தேயு 18 வேறு வழியைச் சொல்கிறது: குற்றம் செய்தவரிடம் தனியாகப் போய்ப் பேச வேண்டும், கேளாவிட்டால் ஒன்றிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதன் பிறகே சபைக்குச் சொல்ல வேண்டும். நடைமுறையில் நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் எல்லாரிடமும் சொல்லிவிட்டுக் கடைசியாகச் சம்பந்தப்பட்டவரிடம் போகிறோம், அல்லது போவதேயில்லை. ஆனால் வன்முறை, பாலியல் துன்புறுத்தல், குழந்தைகளுக்கு இழைக்கப்படும் கொடுமை ஆகியவற்றுக்கு இந்தத் தனிமைச் சந்திப்பு பொருந்தாது. அங்கே பாதிக்கப்பட்டவரின் பாதுகாப்பும் சட்டத்தின் உதவியுமே முதலில் வரவேண்டும். மன்னிப்பது என்பது ஆபத்துக்குள் திரும்பிப் போவதாகவோ, குற்றத்தை மூடி மறைப்பதாகவோ ஒருபோதும் ஆகாது. சபையின் பெயரைக் காப்பாற்றுவதற்காக மௌனமாக இருக்கச் சொல்பவர் மன்னிப்பைப் பற்றிப் பேசவில்லை.

கொர்பானும் வீட்டாரும்

கடன் பட்டியலில் மிக எளிதாக விடுபட்டுப்போகிறவர்கள் வீட்டில் இருப்பவர்கள். மாற்கு ஏழாம் அதிகாரத்தில் இயேசு ஒரு வழக்கத்தைக் கடிந்துகொள்கிறார்: பெற்றோருக்கு உதவவேண்டிய பொருளைக் "கொர்பான்", அதாவது தேவனுக்குக் காணிக்கை, என்று அறிவித்துவிட்டால் பெற்றோருக்கு எதுவும் செய்யவேண்டியதில்லை என்று சிலர் கற்பித்து வந்தார்கள். பக்தியின் பெயரால் கடமையிலிருந்து நழுவும் அந்த வித்தை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. வாரத்தில் ஐந்து மாலைகள் ஊழியக் கூட்டங்களில் கழித்துவிட்டு, முதிய தாயைப் பார்க்க மாதத்தில் ஒருமணி நேரமும் ஒதுக்காதவர் தம் நேரத்தைக் கொர்பானாக்கியிருக்கிறார்.

இதற்குப் பரிகாரம் எளிது, கவர்ச்சி இல்லாதது. வீட்டில் யார் எந்த வேலையைச் செய்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனியுங்கள். எப்போதும் ஒரே ஆள் செய்துகொண்டிருக்கும், யாரும் நன்றி சொல்லாத ஒரு வேலையைத் தேர்ந்தெடுத்து, அதை உங்களுடையதாக்கிக்கொள்ளுங்கள். அறிவிக்க வேண்டாம். அடுத்த வாரமும் செய்யுங்கள்.

வாய்ச்சொல்

"உங்களுக்காக ஜெபிக்கிறேன்" என்பது நம்மிடையே மிக அதிகமாகச் சொல்லப்பட்டு மிகக் குறைவாக நிறைவேற்றப்படும் வாக்குறுதி. இதைச் சரிசெய்ய ஒரே வழிதான் எனக்குத் தெரியும்: சொல்லும் அந்த இடத்திலேயே, அவர் சம்மதித்தால் அவரோடு சேர்ந்து, இரண்டு மூன்று வாக்கியங்களில் ஜெபித்துவிடுவது. கைபேசியில் செய்தியாக அனுப்புகிறீர்கள் என்றால், முதலில் ஜெபித்துவிட்டு, "ஜெபித்தேன்" என்று இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

விசுவாசிகள் நடுவில் புறங்கூறுதல் பெரும்பாலும் ஜெபக்குறிப்பு என்ற உடை அணிந்துதான் வருகிறது. இன்னாருடைய குடும்பத்தில் இன்ன பிரச்சினை, பாரத்தோடு ஜெபியுங்கள் என்று தொடங்கும் பேச்சில், அந்தக் குடும்பத்தார் அதைச் சொல்ல அனுமதித்தார்களா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அறை அமைதியாகிவிடும். தேவனுக்கு விவரங்கள் தேவையில்லை. பெயரைக்கூடச் சொல்லாமல் ஜெபிக்கலாம். உண்மையா என்று பாராமல் செய்திகளை முன்னனுப்புவதும் பொய்ச்சாட்சியைப் பற்றிய கட்டளைக்குள் வருகிறது. பக்தி வாசகத்தோடு முடியும் பொய்யும் பொய்தான்.

உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லவேண்டும் என்ற இயேசுவின் போதனையை வியாபாரத்துக்குள் கொண்டுவந்தவர்கள் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் எழுந்த கிறிஸ்தவ இயக்கத்தாரான குவேக்கர்கள். பேரம் பேசுவதே வழக்கமாயிருந்த காலத்தில், கேட்கவேண்டிய விலையை விட அதிகமாகச் சொல்லிப் பிறகு குறைப்பது பொய் என்று கருதி, அவர்கள் ஒரே விலையைச் சொன்னார்கள். ஆரம்பத்தில் பலருக்கு வாடிக்கையாளர்கள் குறைந்தார்கள். பிறகு, ஒரு சிறு பிள்ளையை அனுப்பினாலும் இந்தக் கடைகளில் ஏமாற்றமாட்டார்கள் என்று ஊரார் கண்டுகொண்டபோது கூட்டம் திரும்பியது என்று அவ்வியக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸ் எழுதியிருக்கிறார். கூட்டம் எல்லாருக்கும் திரும்பும் என்று நான் உறுதி தரமாட்டேன். நேர்மையால் நட்டம் மட்டுமே வரும் சூழல்களும் உண்டு, அதைத் தெரிந்துகொண்டே இதில் இறங்க வேண்டும்.

வேலை செய்யும் இடம்

அலுவலகத்திலோ பட்டறையிலோ விசுவாசத்தைக் காட்டுவது என்றால் சக ஊழியர்களிடம் சுவிசேஷம் பேசுவது என்று சிலர் நினைக்கிறார்கள். சம்பளம் வாங்கும் நேரத்தில் வேலையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்பவர் முதலாளியின் நேரத்தைக் காணிக்கையாக்குகிறார். அதுவும் ஒரு கொர்பான்தான். முதலில் வேலை நன்றாக இருக்கட்டும். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடமொன்றில் 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லாரன்ஸ் சகோதரர் இயல்பிலேயே தமக்குப் பிடிக்காத சமையலறை வேலையைப் பல ஆண்டுகள் செய்தார். பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும் ஆலயத்தில் முழங்காற்படியிட்டிருக்கும்போது இருப்பது போலவே தேவ சமுகத்தில் இருக்க முடிந்தது என்றார். அவரிடமிருந்து ஒரு சிறு பழக்கத்தை எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்கு மிகவும் சலிப்பூட்டும் வேலையைத் தொடங்குமுன் பத்து நொடி நின்று, இதை உமக்காகச் செய்கிறேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். யாரும் சரிபார்க்காத பகுதியில் கவனக்குறைவு எவ்வளவு குறைகிறது என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள்.

உங்களிடம் வேறொருவர் வேலை செய்கிறார் என்றால் காரியம் இன்னும் கடுமையானது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்கிறது லேவியராகமம் 19. பொழுதுபோகுமுன் அதைக் கொடுக்கச் சொல்லும் உபாகமம் 24, அவன் ஏழை, அவன் அதன்மேல் ஆவலாயிருக்கிறான் என்று காரணத்தையும் சேர்த்துச் சொல்கிறது. பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளின் கர்த்தருடைய செவிகளில் பட்டது என்று யாக்கோபு எழுதினார். ஏசாயா 58 உபவாச நாளில்கூட வேலையாட்களை வருத்திவேலை வாங்குகிறவர்களைப் பற்றிப் பேசுகிறது. எனவே சம்பளம் தரும் தேதியைக் குறித்து, அதற்கு ஒரு நாள் முன்னதாகக் கொடுத்துவிடும் பழக்கத்தை ஏற்படுத்துங்கள். உங்கள் ஓய்வுநாளையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரரையும் வேலைக்காரியையும் அந்நியரையும் மிருகஜீவனையும் உள்ளடக்கியது. நீங்கள் ஓய்ந்திருப்பதற்காக மற்றவர் இரட்டிப்பாக உழைக்கிறார் என்றால் அது பாதி ஓய்வுநாள்.

வயலின் ஓரத்தை விட்டுவைத்தல்

கடன்களைத் தீர்க்கத் தொடங்கியபின் தானத்துக்கு வரலாம். இதற்கு வேதாகமத்தில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை தசமபாகத்தைப் பற்றியதன்று. அறுவடை செய்யும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்கவும் சிந்தின கதிர்களைப் பொறுக்கவும் வேண்டாம், எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்ற கட்டளைதான் அது. இதில் மூன்று நுட்பங்கள் இருக்கின்றன. கொடுப்பவர் மிச்சத்தைத் தேடவில்லை, அறுக்கும்போதே விட்டுவிடுகிறார். பெறுபவர் கையேந்தி நிற்கவில்லை, தாமே வந்து உழைத்து எடுக்கிறார். மோவாபியப் பெண்ணான ரூத் போவாசின் வயலில் அப்படித்தான் மாலைவரை கதிர் பொறுக்கினாள். மூன்றாவதாக, வயலின் உரிமையாளருக்கு அடுத்த ஆண்டு விதைக்கவும் வீட்டாரைப் போஷிக்கவும் போதுமானது எஞ்சுகிறது.

இதைப் பணத்துக்குப் பொருத்தும் முறையைப் பவுலே 1 கொரிந்தியர் 16இல் சொல்கிறார்: வாரத்தின் முதல்நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்தில் சேர்த்துவைக்க வேண்டும். எருசலேமின் ஏழைகளுக்காகச் சேர்க்கப்பட்ட நிதி அது. பணம் கைக்கு வந்தவுடனே, செலவு தொடங்குமுன், ஒரு பங்கு தனியாகப் போய்விட வேண்டும் என்பதே இதன் பயன். எவ்வளவு என்பதை உங்கள் நிலைமை தீர்மானிக்கட்டும். கடனில் மூழ்கியிருப்பவர் மிகச் சிறியதாகத் தொடங்குவதில் வெட்கமில்லை. வருமானம் உயரும்போது என்ன செய்வது என்பதற்கு 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரசங்கியார் ஜான் வெஸ்லி தம் பிரசங்கமொன்றில் சொன்ன கணக்கு துணை செய்யும். ஆக்ஸ்ஃபோர்டில் ஒருவர் ஆண்டுக்கு 30 பவுண்டு பெற்று, 28இல் வாழ்ந்து, 2 பவுண்டைக் கொடுத்தார். மறு ஆண்டு 60 பெற்றபோதும் 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். மூன்றாம் ஆண்டு 90இல் 62ஐயும், நான்காம் ஆண்டு 120இல் 92ஐயும் கொடுத்தார். அந்த ஒருவர் வெஸ்லிதான் என்பது பொதுவான கருத்து. குடும்பஸ்தர்கள் இதை அப்படியே பின்பற்ற முடியாது, பின்பற்றவும் வேண்டாம். ஆனால் அடுத்த சம்பள உயர்வு வருமுன்பே, அதில் எந்தப் பங்கு நம் வாழ்க்கைத் தரத்துக்குப் போகாது என்று எழுதிவைத்துவிட முடியும்.

கொடுக்கும் பணம் எங்கே போகிறது என்று விசாரிப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், 2 கொரிந்தியர் எட்டாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். திரண்ட நிதியைக் கொண்டுசெல்லும் காரியத்தில் தம்மேல் யாரும் குற்றம் சொல்லக்கூடாதென்று, பவுல் சபைகளின் நம்பிக்கைக்குரிய வேறு சகோதரர்களையும் உடன் அனுப்பினார். அப்போஸ்தலனே கணக்குக்கு உட்பட்டார் என்றால் மற்றவர் விலக்குக் கேட்க இடமில்லை.

நேரத்துக்கும் இந்த ஓரம் வேண்டும். ஒவ்வொரு நிமிடத்தையும் அறுத்துக் கட்டிவிட்டவரால், எதிர்பாராமல் வந்து நிற்கும் ஒருவருக்கு உதவ முடியாது. வாரத்தில் இரண்டு மணி நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விட்டுவையுங்கள். அதை எடுத்துக்கொள்ள வேண்டியவர் வருவார்.

சமாரியன் செய்ததும் செய்யாததும்

எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதை ஏறக்குறைய 27 கிலோமீட்டர் தூரத்தில் சுமார் 1,000 மீட்டர் கீழே இறங்குகிறது. வனாந்தரமான, கள்ளர் பதுங்கத் தோதான வழி. அங்கே நடந்ததாக இயேசு சொன்ன கதையை நாம் "இரக்கம்" என்ற ஒரே சொல்லில் சுருக்கிவிடுகிறோம். லூக்கா பத்தாம் அதிகாரத்தில் அந்தச் சமாரியனுடைய செயல்களை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள். கிட்ட வந்தான். காயங்களில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான்; அதாவது தன் பயணப் பையில் ஏற்கெனவே இருந்ததைப் பயன்படுத்தினான். காயங்களைக் கட்டினான். தன் வாகனத்தில் ஏற்றினான். ஆகவே தான் நடந்திருக்க வேண்டும். சத்திரத்துக்குக் கொண்டுபோய் அன்றிரவு பராமரித்தான். மறுநாள் இரண்டு தெனாரியங்களைக் கொடுத்தான். ஒரு தெனாரியம் என்பது ஒரு கூலியாளின் ஒருநாள் கூலி. அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பிறகு தன் பிரயாணத்தைத் தொடர்ந்தான்.

கடைசி வாக்கியம்தான் எனக்கு நெடுநாள் கண்ணில் படாதிருந்தது. அவன் தன் வேலையைக் கைவிட்டுச் சத்திரத்திலேயே தங்கிவிடவில்லை. பராமரிப்பு தெரிந்தவரிடம் ஒப்படைத்தான், அதற்கான செலவை ஏற்றான், திரும்பி வந்து பார்ப்பதாக வாக்களித்தான். உதவி செய்து சோர்ந்துபோகிறவர்கள் பெரும்பாலும் ஒப்படைப்பது என்ற முதல் செயலைச் செய்ய மறந்தவர்கள். உதவி பாதியில் அறுந்துபோவது மூன்றாவதை மறந்ததால். நீங்கள் ஒருவருக்கு உதவத் தொடங்கும்போதே, என்னால் இவ்வளவு காலம் இவ்வளவு முடியும், இதற்குமேல் வேண்டியதற்கு இன்னாரை அணுகவேண்டும் என்று தெளிவாகப் பேசிவிடுங்கள். வரையறை சொல்வது அன்பின்மை ஆகாது. அடிமைத்தனமாக மாறும் பழக்கம் உள்ளவருக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதைவிட, அவரோடு சிகிச்சைக்குப் போய் வாசலில் காத்திருப்பது கடினமானது, பயனுள்ளது.

மத்தேயு 25இல் வரும் பட்டியலிலும் இதுபோன்ற ஒரு நுட்பம் உண்டு. பசித்தவனுக்கு உணவு, தாகமாயிருந்தவனுக்குத் தண்ணீர், அந்நியனுக்கு இடம், வஸ்திரமில்லாதவனுக்கு ஆடை என்று கொடுக்கப்படுகிறது. வியாதியஸ்தனையும் காவலில் இருந்தவனையும் பொறுத்தமட்டில், குணமாக்கினீர்கள், விடுவித்தீர்கள் என்று சொல்லப்படவில்லை. விசாரிக்க வந்தீர்கள், பார்க்க வந்தீர்கள் என்றுதான் சொல்லப்படுகிறது. நம்மால் தீர்க்க முடியாத துன்பத்தின் அருகே போய் உட்காருவதும் கணக்கில் ஏறுகிறது.

அப்படிப் போகும்போது எப்படி நடந்துகொள்வது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். முன்னதாகக் கேட்டுவிட்டுப் போங்கள்; கால்மணி நேரத்தில் எழுந்துவிடுங்கள்; நோயைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள்; உங்களுக்குத் தெரிந்த வேறொருவர் அதே நோயில் பட்ட பாட்டைச் சொல்லாதீர்கள். தேவன் இதை ஏன் அனுமதித்தார் என்று விளக்க முயலாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவுபகல் ஒரு வார்த்தையும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தவரை அவர்கள்மேல் குற்றமில்லை. பேசத் தொடங்கியபோதுதான் கெட்டது. "ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்பது நோயாளியிடம் ஒரு புதிய வேலையை ஒப்படைப்பது. அதைவிட, வியாழக்கிழமை பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நான் அழைத்து வரட்டுமா என்று கேட்பது உதவி. படம் எடுக்காதீர்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கச் சொன்னவர், பெறுபவரின் மானத்தையும் அதில் காத்தார்.

தனியாகச் செய்ய முடியாதவற்றைச் சபையாகச் செய்யலாம். கி.பி. 155 அளவில் ரோமாபுரியில் எழுதிய கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின், ஞாயிறு ஆராதனையில் வசதியுள்ளவர்கள் மனமுவந்து கொடுப்பது ஆராதனையை நடத்துபவரிடம் வைக்கப்பட்டு, அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையிலிருப்பவர்கள், தங்கியிருக்கும் அந்நியர்கள் ஆகியோருக்குப் பயன்படுத்தப்படுகிறது என்று விவரிக்கிறார். உங்கள் சபையில் இதற்கென்று தனி நிதி இருக்கிறதா, சென்ற ஆண்டு அது யாருக்குப் போனது என்று கேட்டறியுங்கள். பொது அநீதிகளை எதிர்ப்பதற்கும் கூட்டம் தேவைப்படுகிறது, பொறுமையும் தேவைப்படுகிறது. 1791இல் பிரிட்டன் நாடாளுமன்றம் அடிமை வணிகத்தை ஒழிக்கும் மசோதாவைத் தோற்கடித்தபோது, ஏராளமான குடும்பங்கள் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரையை வாங்க மறுத்தன. அந்த வணிகம் சட்டப்படி தடைசெய்யப்பட 1807 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நோட்டுப் புத்தகத்தைத் தொடர்ந்து வைத்திருப்பது

இத்தனையையும் ஒரே வாரத்தில் தொடங்குபவர் அடுத்த வாரமே நிறுத்திவிடுவார். வாரத்துக்கு ஒரு பெயர், ஒரு நாள், ஒரு காரியம்: அதற்குமேல் எழுதாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலையில் எழுதி, அந்த மனிதருக்காகக் காலை ஜெபத்தில் பெயர் சொல்லி ஜெபியுங்கள். ஒருவருக்காகத் தொடர்ந்து ஜெபிக்கும்போது அவருக்கு உண்மையில் என்ன தேவை என்பது நாம் முதலில் நினைத்ததிலிருந்து மாறுவதுண்டு. அப்போது எழுதியதைத் திருத்திக்கொள்ளலாம்.

இரவில் ஐந்து நிமிடம் அந்த நாளைத் திரும்பிப் பாருங்கள். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியர் அமைப்பை நிறுவிய லொயோலாவின் இக்னேஷியஸ் இதற்கு ஒரு முறையைக் கற்பித்தார்: நன்றி சொல்லித் தொடங்குவது, தெளிவுக்காக வேண்டுவது, நாளை மணிமணியாக நினைத்துப் பார்ப்பது, தவறியதற்கு மன்னிப்புக் கேட்பது, நாளைக்கான தீர்மானத்தோடு முடிப்பது. நன்றியை முதலில் வைத்ததில் மனநுட்பம் இருக்கிறது. குற்றவுணர்விலிருந்து தொடங்குபவர் விரைவில் இந்தப் பழக்கத்தையே தவிர்க்கத் தொடங்குகிறார்.

செய்யாமல் விட்ட வாரங்கள் வரும். அந்தப் பக்கத்தைக் கிழிக்க வேண்டாம். பெயரை அடுத்த வாரத்துக்கு எடுத்து எழுதுங்கள். மூன்று வாரம் ஒரே பெயர் நகர்ந்துகொண்டே வந்தால், நீங்கள் எழுதிய காரியம் பெரிதாக இருக்கிறது என்று பொருள். நேரில் சந்திப்பது என்பதை ஒரு தொலைபேசி அழைப்பாகவும், அழைப்பை இரண்டு வரிக் கடிதமாகவும் சிறிதாக்குங்கள்.

நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் மாதத்துக்கு ஒருமுறை இந்த நோட்டுப் புத்தகத்தைக் காட்டுங்கள். பிறருடைய இரகசியங்கள் அடங்கிய பக்கங்களை அவர் படிக்க வேண்டியதில்லை; பெயர்களை முதலெழுத்தால் எழுதினால் போதும். உங்களைப் பாராட்டும் ஆளைவிட, உங்கள் சாக்குப்போக்குகளுக்குச் சிரிக்கும் ஆளைத் தேர்ந்தெடுங்கள். அவர் கேட்கவேண்டியது ஒரே ஒரு கேள்வி: முதல் பக்கத்துக் கடன்களில் இன்னும் எத்தனை பாக்கி?